கரும்பலகை முன்னால் நடக்கும் சறுக்கல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாத்தியார் தடுமாறினால் வகுப்பே சிரிக்கும். சிரிக்கட்டும், பிள்ளைகள்தானே! ஆனால் இந்தத் தடுமாற்றங்களில் பாதி, வகுப்பறை அமைந்திருக்கும் விதத்தால் நேர்பவை.

கரும்பலகைக்குக் கீழே உள்ள மேடையைப் பாருங்கள். எழுதியது நேராக இருக்கிறதா என்று பார்க்க ஓரடி பின்வாங்கினால் கால் அந்தரத்தில் நிற்கும். மேடையும் தரையும் ஒரே சிமென்ட் நிறம் என்பதால் விளிம்பு கண்ணில் படாது. 2 அங்குல அகலத்தில் மஞ்சள் பெயின்ட் கோடு போட்டால் போதும். மேசையில் துருத்தி நிற்கும் ஆணியையும் அடித்து இறக்கிவிடுங்கள். முந்தானை கிழிவது அதில்தான்.

முழுச் சாக்பீஸைப் பின்நுனியில் பிடித்துச் செங்குத்தாக எழுதினால், முனை ஒட்டி ஒட்டி விடுபட்டு அதிரும். காதைக் கூசவைக்கும் கிறீச்சொலி அதனால்தான். பாதியாக உடைத்து, முனைக்கு அருகில் பிடித்து, 45 டிகிரி சாய்த்து எழுதினால் அடங்கிவிடும்.

வெள்ளைப்பலகையில் தவறுதலாகப் பெர்மனென்ட் மார்க்கரால் எழுதிவிட்டால் ஈரத்துணியால் தேய்க்காதீர்கள், எழுத்து போகாது. அதன் மேலேயே வெள்ளைப்பலகை மார்க்கரால் பூசி, காய்வதற்குள் உலர்ந்த துணியால் துடையுங்கள். புது மையிலுள்ள கரைப்பான் பழைய மையை இளக்கிவிடும். மிஞ்சும் கறைக்குப் பஞ்சில் கொஞ்சம் சானிடைசர். இரண்டு மார்க்கரையும் ஒரே டப்பாவில் போடவே கூடாது.

பெயின்ட்டுக்கும் ஆணிக்கும் பெரிய செலவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக்கள் அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்