வேன் அண்ணனுக்கும் எங்களோடு நின்ற எல்லோருக்கும்

அன்பு உள்ளங்களே,

மலேசியாவில், பினாங்கில் எங்கள் சமய ஆய்வுத் துறை மூடப்படவில்லை. கடிதம் கைக்கு வந்துவிட்டது. அடுத்த கல்வியாண்டுக்கும் மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அக்டோபரில் வகுப்பு தொடங்கியதிலிருந்து நாங்கள் பட்டதை இங்கே மறுபடி எழுதப்போவதில்லை. இதைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் கூடவே நின்றவர்கள். எந்தக் கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மலாயிலும் ஆங்கிலத்திலும் துறைத் தலைவர் நன்றி சொல்லிவிட்டார். தமிழில் சொல்லும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். "விடுங்க டீச்சர், ஆகுறதப் பாப்போம்" என்று ஆண்டு முழுக்க எங்களுக்குத் தெம்பு சொன்ன குரல்களில் பாதி தமிழ்க் குரல்கள். அவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே இது போய்ச் சேர வேண்டும்.

எல்லோருக்கும் முன்னால் வேன் அண்ணன்.

பெயரைப் போடக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். பள்ளி வேன் ஓட்டுகிறவர். இருட்டு விலகும் முன்பே ஜெலுத்தோங் அடுக்குமாடி வீடுகளில் பிள்ளைகளை ஏற்றத் தொடங்கி, மணி அடிப்பதற்குள் பள்ளி வாசலில் இறக்கிவிடுவார். பாலர்பள்ளிப் பிள்ளைகளை அழைக்க நண்பகலுக்குத்தான் மறுபடி போக வேண்டும். நடுவில் உள்ள நேரத்தில் எங்கள் கட்டடத்துக்கு எதிரே மரத்தடியில் வேனை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வார். தினமும் பார்க்கிற முகம்தான். ஆனால் யாரும் பேசியதில்லை.

களஆய்வுக்குப் பேருந்து கிடையாது என்று தெரிந்த அன்று மாணவர்கள் அந்த மரத்தடியில்தான் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். யாரிடம் கார் இருக்கிறது, கிராப் வாடகைக் கார் பிடித்தால் ஆளுக்கு எவ்வளவு விழும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, கண்ணாடியை இறக்கிக் கேட்டிருக்கிறார்: "எங்கம்மா போகணும்?" அவ்வளவுதான். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை 8.30க்கு வேன் எங்கள் படிக்கட்டுக்குக் கீழே நின்றது. "வண்டி சும்மாதானே நிக்குது டீச்சர். 11.30க்குத் திரும்பிடணும், அது ஒண்ணுதான்" என்றார். எண்ணெய்க் காசை வாங்கிக்கொள்வார். அதற்கு மேல் ஐந்து வெள்ளி (ரிங்கிட்) கூடுதலாக வைத்தாலும் எண்ணிப் பார்த்துத் திருப்பித் தந்துவிடுவார்.

அன்று தொடங்கி ஆண்டு முழுக்க வந்தார்.

ஒரு வேன் கிடைத்ததற்கு இவ்வளவு நன்றியா என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோன்றலாம். சமயம் படிக்கிற துறைக்கு ஊருக்குள் போகாமல் பாடமே கிடையாது. 1967இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமய ஆய்வுக்கென்று தனித்துறையைத் தொடங்கிய நினியன் ஸ்மார்ட், பின்னாளில் சமயத்தை ஏழு பரிமாணங்களில் பார்க்கச் சொன்னார். கோட்பாடு அவற்றில் ஒன்று மட்டுமே. சடங்கு, கதை, உள்ளத்து அனுபவம், ஒழுக்கம், சமூக அமைப்பு, கட்டடமும் விளக்கும் மணியுமாகக் கையால் தொடக்கூடிய பகுதி ஆகிய மற்ற ஆறையும் பலகையில் எழுதிக் காட்டி முடிக்க முடியாது. பினாங்கிலோ அவை நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் 1801இல் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் புறப்பட்டால், 1833ஆம் ஆண்டின் குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலைத் தாண்டி, சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் கோயிலின் ஊதுபத்திப் புகைக்குள் புகுந்து, 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் புல்வெளிக்கு வந்துவிடலாம். இப்படியொரு சாலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதைத் திரையில் படமாகக் காட்டிப் பாடம் நடத்துகிற நிலைக்கு நாங்கள் வந்திருந்தோம்.

அண்ணன் கொடுத்த நேரம் பாடத்தையே மாற்றிவிட்டது. இதற்கு முன் எங்கள் களஆய்வு திருவிழாக்களைச் சுற்றித்தான் இருந்தது. சீனர்களின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது பேரரசர் விழா, தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில், பௌத்தர்களின் விசாக ஊர்வலம், ஜூலையில் புக்கிட் மெர்த்தாஜாம் செயின்ட் ஆன் திருவிழா. காவடியையும் மெழுகுவத்தியையும் கூட்டத்தையும் படம் பிடித்துக்கொண்டு திரும்புவோம். சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அப்படி எதுவும் இருக்காது. காலைப் பூசை முடிந்த கோயிலில் ஓர் அம்மா புளியைக் கரைத்து வைத்து விளக்குத் தேய்த்துக்கொண்டிருப்பார். குவான் யின் கோயிலில் பாதி எரிந்த ஊதுபத்திகளைப் பணியாளர் கொத்துக் கொத்தாகப் பிடுங்கித் தகரத்தில் போட்டு, அடுத்து வருகிறவர்களுக்கு இடம் பண்ணிக்கொண்டிருப்பார். பள்ளிவாசலில் கம்பளத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தின் சத்தம் கேட்கும். லோரோங் பர்மாவில் எதிரெதிரே நிற்கும் பர்மியக் கோயிலிலும் தாய்லாந்துக் கோயிலிலும் நண்பகலுக்குப் பிறகு பிக்குகள் உண்பதில்லை. அதனால் எங்கள் வேன் போகும் நேரம்தான் அவர்களுக்கு உணவு கொண்டுவருகிறவர்களின் நேரம்.

முதல் சில வாரம் மாணவர்களுக்கு ஏமாற்றம். "ஒண்ணுமே நடக்கலையே டாக்டர்" என்றார்கள். போகப் போகக் கேள்விகள் மாறின. யார் கும்பிடுகிறார்கள் என்று கேட்டவர்கள் யார் கழுவுகிறார்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். சம்பளம் எவ்வளவு, விடுப்பு எடுத்தால் அந்த வேலையை யார் பார்ப்பார்கள், விளக்குத் தேய்க்கிற அம்மாவுக்கு அது வேலையா வேண்டுதலா, இரண்டுக்கும் நடுவில் கோடு போட முடியுமா? நான் பல ஆண்டாக வகுப்பில் கிளப்ப முயன்று கிளம்பாத விவாதங்கள் திரும்பி வருகிற வேனில், பள்ளிப் பிள்ளைகளின் சின்ன இருக்கைகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தபடி தானாக நடந்தன. அண்ணன் வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு வருவார்.

இனிச் சொல்லப்போவதை நான் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன்.

எங்கள் மாணவி ஒருவர் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் கிளந்தான் மாநிலத்திலிருந்து வந்தவர். குயின் ஸ்திரீட் கோயிலுக்குப் போன முதல் நாள் வேனிலிருந்து இறங்க அவருக்கு மனம் வரவில்லை. யாரும் எந்த வழிபாட்டுத் தலத்துக்குள்ளும் போயே தீர வேண்டும் என்பது எங்கள் துறையில் கிடையாது. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் கூட வந்தவர்கள் எல்லோரும் இறங்கிச் செருப்பைக் கழற்றும்போது தனியாக உட்கார்ந்திருப்பது லேசான காரியமில்லை. அண்ணன் திரும்பிப் பார்த்தார். நல்ல மலாயில், ரொம்பச் சாதாரணமாக, "நீ இரும்மா. நானும் இங்கதான் இருக்கேன், வண்டிக்குக் காவல் வேணும்ல" என்றார். என்னிடம் தமிழில், "நீங்க போங்க டீச்சர், நான் பாத்துக்கிறேன்."

செவ்வாய்க்கிழமை அந்த வாசலுக்கு வந்துவிட்டு அம்மனைப் பார்க்காமல் திரும்புகிற ஆள் இல்லை அவர். காணிக்கை போடச் சில்லறைகூட எடுத்து வைத்திருந்தார். அன்று உள்ளே வரவில்லை. வேன் கதவைத் திறந்து வைத்து, பக்கத்தில் நின்றபடியே கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்தார். பிறகு அந்த மாணவியோடு தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் இருவரும் பார்த்ததுதான் இந்த ஆண்டு எங்கள் துறையில் எழுதப்பட்ட மிகச் சிறந்த கட்டுரையாக வந்தது. கோயிலுக்குள் நுழையாமல் கடந்துபோகிறவர்களைப் பற்றி அவர் எழுதினார். மோட்டார் சைக்கிளின் வேகத்தைக் குறைத்து, ஒரு கையை நெஞ்சில் வைத்து எடுத்துவிட்டுப் போகிறவர். மார்க்கெட் பையோடு அரை நிமிடம் நின்று தலை குனிந்துவிட்டு நடக்கிற சீன மூதாட்டி. மசாலா மூட்டையை இறக்கும்போது தோள் கோயில் பக்கம் திரும்பினால் மட்டும் கண்ணை மூடித் திறக்கிற லாரிப் பையன். பூக்கடைக்காரரிடம் நலம் விசாரித்துவிட்டுக் கடை திறக்கப் போகிற முஸ்லிம் நாணய மாற்று வணிகர். யார் யார் தினமும் வருகிறவர்கள், யார் இன்றுதான் வந்தவர் என்று அண்ணன் சொல்லச் சொல்ல அவர் குறித்துக்கொண்டிருந்தார். வாசலில் நடப்பதும் சமயம்தான் என்று நான் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அதைத் தெருவில் நின்று எண்ணிக் காட்டியவர் அவர். அதன் பிறகும் அவர் கோயிலுக்குள் போகவில்லை. போக வேண்டிய தேவையும் இல்லை. யாரும் அவரைத் தள்ளவில்லை, யாரும் விலக்கவில்லை. எங்கள் துறை எதற்காக இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்ட ஒவ்வொரு கூட்டத்திலும் எனக்கு அந்த வேன் கதவுதான் நினைவுக்கு வந்தது.

"இதப் படிச்சு என்ன வேலைக்குப் போறது?" என்று பெற்றோர் கேட்டார்கள். அவர்கள் கேட்பது நியாயம், அவர்களுக்கு நான் உட்கார்ந்து பதில் சொன்னேன். இந்த மண்ணுக்கு இந்தப் படிப்பு அந்நியம் என்று சொன்னவர்களுக்கு மட்டும் இங்கே ஒரு வார்த்தை. அயுத்தியாவில் 1665இல் தொடங்கிய கத்தோலிக்க குருமடம் 1808இலேயே பினாங்குக்கு வந்து புலாவ் திக்கூஸில் பாடம் நடத்தியது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கி, 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டை அங்கே கூட்டிய தனிநாயகம் அடிகள் ஒரு பாதிரியார். 1970இல் பிரகடனமான, நம் நாட்டின் தேசியக் கொள்கையான ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடே இறைநம்பிக்கை. அந்த நம்பிக்கை இங்கே எத்தனை விதமாக வாழ்கிறது என்று பொறுமையாகப் படிக்க ஓர் இடம் வேண்டாமா?

மற்றவர்களுக்கு ஒவ்வொருவராக எழுத ஆசைதான். இந்த மடல் தாங்காது. கையெழுத்து இயக்கத்தை நடத்திய முன்னாள் மாணவர்கள், தன் வீட்டு நூலகத்தையே பெட்டி கட்டி அனுப்பிய ஓய்வுபெற்ற ஆசிரியர், எங்கள் கடிதங்களைச் சுருக்காமல் வெளியிட்ட தமிழ் நாளிதழ்க்காரர்கள், பழைய கூட்டக் குறிப்புகளைத் தேடி எடுத்து வந்து மேசையில் வைத்த அலுவலகக் கக்காக் (மலாய் அக்கா), மாதக் கடைசியில் மாணவர்களுக்குக் கடன் சொல்லிச் சோறு போட்ட கேண்டீன் அக்கா, கேள்வி கேட்டுக் குடைந்த பிள்ளைகளைக் கோபிக்காமல் பொறுத்துக்கொண்ட கோயில் நிர்வாகத்தினர், பள்ளிவாசல் தொண்டர்கள், நாகூர் தர்காவின் பெரியவர், இரண்டு பாதிரியார்கள், பர்மியக் கோயிலில் எங்களையும் பந்தியில் உட்காரவைத்த பெண்கள். உங்கள் ஒவ்வொருவர் பெயரும் துறையின் இந்த ஆண்டுப் பதிவேட்டில் ஏறிவிட்டது. விட்டுப்போயிருந்தால் தயவுசெய்து என்னைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

ஒரு வாக்கும் தருகிறேன். பேருந்து அனுமதி மறுபடி கிடைத்தாலும் செவ்வாய்க் காலை வகுப்பு இருக்கும். திருவிழாவுக்குத் தனியாகப் போய்க்கொள்வோம். விளக்குத் தேய்க்கிற நேரத்தை இனி எந்தத் திருவிழாவுக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அண்ணனுக்கு இனி முறையான வாடகை உண்டு. நன்றி நன்றி என்று சொல்லிக்கொண்டே ஒருவருடைய உழைப்பை இலவசமாக எடுத்துக்கொண்டிருக்க எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. முன்னாள் மாணவர்கள் பணம் திரட்டத் தொடங்கிவிட்டார்கள். அவர் மறுப்பார். அவர் வீட்டில் அக்காவிடம் பேசிவிட்டேன், அவர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த பருவம் தொடங்கியதும் பழைய மாணவர்கள் யாராவது ஒரு காலை எங்களோடு வர விரும்பினால் 8.30க்குப் படிக்கட்டருகே வந்துவிடுங்கள். இடம் இருந்தால் ஏறிக்கொள்ளலாம். 11.30க்கு மேல் ஒரு நிமிடம்கூட நிற்க முடியாது, பாலர்பள்ளிப் பிள்ளைகள் அண்ணனுக்காக வாசலில் நிற்பார்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
சமய ஆய்வுத் துறையிலிருந்து உங்கள் டீச்சர்
பினாங்கு