போட்டிக்கு முன்பே சொல்லிவிடுகிறோம், நன்றி

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் இடைநிலைப்பள்ளியில் படிக்கும் எங்கள் ரோபோட்டிக் குழுவில் பதினொரு பேர். குழுத் தலைவி என்ற முறையில் நான் எழுதுகிறேன். போன சனிக்கிழமை மாலை எங்கள் ரோபோ ஒரே இடத்திலிருந்து பத்து முறை புறப்பட்டு, பத்து முறையும் ஒரே கோட்டில் போய் நின்றது. பத்தாவது முறை நின்றபோது யாரும் கத்தவில்லை. எங்களில் ஒருத்தி அழுதுவிட்டாள். போட்டியில் ஜெயித்தாலும் தோற்றாலும் உங்களுக்கான நன்றி ஒன்றுதான் என்பதால் இப்போதே எழுதிவிடுகிறோம்.

நாங்கள் ஆடுவது பள்ளி மாணவர்களுக்கான ஃபர்ஸ்ட் டெக் சாலஞ்ச் என்ற ரோபோப் போட்டியின் விதிமுறைப்படி. ஆட்டம் தொடங்கும்போது ரோபோ நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 18 அங்குலத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும். முதல் 30 விநாடிக்கு யாரும் கையால் இயக்கக்கூடாது. எழுதிக் கொடுத்த நிரலை வைத்து அது தானாக ஓட வேண்டும். எங்களைப் படுத்தி எடுத்தது அந்த 30 விநாடிதான். காலையில் சுவரில் போய் இடிக்கும், மாலையில் பாதி வழியில் நின்றுவிடும். ஒரு எழுத்தைக்கூட மாற்றியிருக்க மாட்டோம். நிரல் எழுதிய தம்பி இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

பினாங்குத் தீவில் உள்ள பாயான் லெப்பாஸில் வேலை முடித்து, மோட்டார் சைக்கிளில் 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தைக் கடந்து எங்களிடம் வரும் அண்ணனுக்கு முதல் நன்றி. அவர் நிரலைப் பார்க்கவே இல்லை. மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்றைக் கையில் கொடுத்து, "ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னாடி பேட்டரியை அளந்து எழுதுங்க" என்று மட்டும் சொன்னார். சார்ஜ் ஏற்றியவுடன் 13 வோல்ட்டைத் தாண்டி நின்றது, மாலையில் 12-க்குப் பக்கத்தில் இறங்கியிருந்தது. நாங்கள் "இத்தனை விநாடி ஓடு" என்று எழுதியிருந்தோம். மின்னழுத்தம் குறைந்தால் மோட்டாரின் வேகமும் குறையும், அதே விநாடிக்குள் போகும் தூரமும் குறையும். அதன்பிறகு விநாடியை விட்டுவிட்டு, என்கோடர் வைத்துச் சக்கரத்தின் சுற்றை எண்ணத் தொடங்கினோம். எங்கள் சக்கரத்தின் விட்டம் 96 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர். அண்ணா, விடையை முதல் நாளே சொல்லியிருக்கலாம். நாங்களே கண்டுபிடிக்கும்வரை மூன்று வாரம் பொறுமையாக நின்றீர்கள். அதை நாங்கள் மறக்க மாட்டோம்.

ஆனால் அதோடு முடியவில்லை. ரோபோ எதிலாவது இடித்தால் என்கோடர் எண்ணிக்கை நின்றுபோகும். எண்ணிக்கை வராத சக்கரம் நிற்காமல் ஓட, ரோபோ பம்பரமாகச் சுற்றும். நாங்கள் நீட்டி ஒட்டிய கம்பிகளில்தான் கோளாறு. பார்க்க ஒட்டினாற்போல இருக்கும், ஆட்டினால் விட்டுவிடும்.

எங்கள் குழுத் தோழியின் பாட்டிக்கு 68 வயது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கிய சில ஆண்டுகளில், அங்கே ஒரு தொழிற்சாலையில், ஈயத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டும் சாலிடரிங் வேலைக்குச் சேர்ந்தவர். பாலம் 1985-இல்தான் வந்தது. அதுவரை இருட்டோடு எழுந்து ஃபெரி பிடித்துப் போனாராம். பேத்திக்கு மைலோ கொண்டு வந்தவர், எங்கள் கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "ஈயத்தைச் சுடாத கண்ணு. கம்பியைச் சுடு. கம்பி சூடேறினா ஈயம் தானா ஓடி வரும்" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்றைச் செய்து காட்டினார். அப்புறம் எங்கள் ஒவ்வொருவர் கையிலும் சாலிடரிங் இரும்பைக் கொடுத்து, சரியாக வரும்வரை எழுந்து போகவில்லை. எத்தனையோ ஆண்டு செய்த அந்த வேலையைப் பற்றி இதுவரை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்று அன்றைக்குச் சொன்னார். பாட்டி, கேட்காமல் இருந்ததற்கு எங்களுக்கு வருத்தமாக இருந்தது. நீங்கள் ஒட்டச் சொல்லிக்கொடுத்த கம்பிகளில் ஒன்றுகூட இதுவரை விடவில்லை.

பிறை என்ற ஊரில் பட்டறை வைத்திருக்கும் ஐயா எங்களுக்கு அலுமினியத் தகடுகளை வெட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அளவு போட்ட படம் இல்லாமல் போனால் மட்டும் திருப்பி அனுப்பிவிடுவார். மூன்று முறை திரும்பி வந்தோம். நான்காவது முறை கொண்டுபோன படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.

தீவில் இருக்கும் இன்னொரு பள்ளியின் குழு, எங்கள் மோட்டார் ஒன்று பழுதானபோது தங்களிடம் இருந்த உபரி மோட்டாரைத் தூக்கிக் கொடுத்தது. இந்தப் போட்டியில் ஒரு சுற்றில் கூட்டணியாக ஆடுபவர்கள் அடுத்த சுற்றில் எதிரணியாக நிற்கலாம். அது தெரிந்தேதான் கொடுத்தார்கள்.

மண்டபம் தந்த தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியருக்கும், சனிக்கிழமைதோறும் நாசி லெமாக் கட்டி அனுப்பிய அம்மாக்களுக்கும், இரவு எட்டு மணிவரை கதவைப் பூட்டாமல் காத்திருந்த, நாங்கள் பாக்சிக் (மலாயில் மாமா) என்று அழைக்கும் காவலருக்கும் நன்றி. பாக்சிக்குக்குத் தமிழ் தெரியாது. இந்தப் பகுதியை நானே அவருக்கு மலாயில் வாசித்துக் காட்டுவேன்.

போட்டிக்கு முந்தின சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அதே மண்டபத்தில் கடைசி ஒத்திகை. எல்லாரும் வந்துவிடுங்கள். பாட்டி, உங்களுக்கு மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு வைக்கிறோம். கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள். இரண்டு கம்பிகளை நீங்கள் பார்த்த பிறகு ஒட்டலாம் என்று விட்டு வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
குழுத் தலைவியும் பத்துப் பேரும்