குழந்தையைக் கேட்க ஒரு சனிக்கிழமை கொடுங்கள்

மாண்புமிகு சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி அவர்களுக்கும், எங்கள் மேற்கு மாவட்டங்களின் குடும்ப நீதிமன்றங்களை மேற்பார்க்கும் மாண்புமிகு நீதிபதிகளுக்கும்,

வணக்கம்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தை நேரில் வரவேண்டிய விசாரணையைப் பள்ளி இல்லாத நாளில், மணி குறித்து, வழக்கு நடக்கும் அரங்குக்கு வெளியே ஒரு தனி அறையில் வையுங்கள். குழந்தை யாரிடம் வளரவேண்டும், யாருக்கு எத்தனை நாள் என்பதை நீதிமன்றம் எப்படித் தீர்மானித்தாலும் தலைவணங்கி ஏற்றுக்கொள்கிறேன். தீர்மானிப்பதற்குள் அந்தக் குழந்தையை என்ன பாடுபடுத்திவிடுகிறோம் என்பதைப் பற்றியதுதான் இந்த மடல்.

நான் ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர். நொய்யல் கரையில் ஒரு சிற்றூர். நொய்யல் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று நான்கு மாவட்டங்களில் ஓடுவதால் எந்த ஊர் என்று தேட வேண்டாம். நீதிமன்றத்தின் பெயரையும் எழுதப்போவதில்லை. பேத்திக்குப் பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. அவளைப் பற்றி இவ்வளவு போதும். மகளும் மருமகனும் பிரிந்திருக்கிறார்கள். மகள் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அடிக்கடி விடுப்புக் கேட்டால் வேலை போய்விடும். ஆகவே வாய்தாவுக்குக் குழந்தையை அழைத்துப் போகிற வேலை அப்பிச்சியான, அதாவது அம்மாவைப் பெற்ற தாத்தாவான என்னுடையது.

சென்ற காலாண்டுத் தேர்வில் கணக்குப் பரீட்சை நடந்த அன்று, சிறுமியை முன்னிலைப்படுத்தவேண்டும் என்று வாய்தா. தேதியை மாற்றித் தரக் கேட்டு, பள்ளியின் தேர்வு அட்டவணையையும் இணைத்து, எங்கள் வழக்கறிஞர் முன்கூட்டியே மெமோ கொடுத்தார். ஏற்கெனவே உத்தரவாகிவிட்டது, அன்றைக்கு வந்து சொல்லுங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சீக்கிரம் முடிந்தால் பாதிப் பரீட்சையாவது எழுதலாம் என்று பேத்தி பள்ளிச் சீருடையிலேயே கிளம்பினாள். பையில் ஜியாமெட்ரி பாக்ஸ். விடிவதற்கு முன் பாலைக் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்துப் பத்து மணிக்கெல்லாம் போய்விட்டோம். பத்தரைக்குப் பெஞ்ச் கிளார்க் வந்து, அம்மா இன்றைக்கு லீவு, எல்லா வழக்குக் கட்டுக்கும் வாய்தா என்றார். ஒரு தாளில் தேதிகள் எழுதி ஒட்டப்பட்டன. எல்லாரும் முண்டியடித்துக் குறித்துக்கொண்டோம்.

நீதிபதிக்கும் உடம்பு இருக்கிறது, வீடு இருக்கிறது, விடுப்பு எடுப்பார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. முந்தைய நாள் மாலையே தெரிந்திருந்தால், குழந்தையாவது வரவேண்டாம் என்று வழக்கறிஞர்களுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்ப முடியாதா? எங்கள் சங்கத்தில் யூரியா லாரி வராத நாளில், வெளியே ஒரு கரும்பலகையில் இன்று உரம் இல்லை என்று எழுதிப் போடுவோம். வெயிலில் வரிசை நிற்கக் கூடாது என்பதற்காக.

அதற்கு முந்தைய வாய்தாவைப் பற்றியும் சொல்லவேண்டும். என்னை இந்த மடல் எழுத வைத்தது பரீட்சையைவிட அதுதான்.

அன்று பத்தரைக்குப் போய், எங்கள் கட்டு எடுக்கப்பட்டபோது மூன்று மணி தாண்டிவிட்டது. அதுவரை வராந்தாவில் இருந்தோம். பக்கத்திலேயே குற்றவியல் நீதிமன்றங்கள். ரிமாண்டுக்குக் கொண்டுவந்த ஓர் இளைஞரைக் காவலர் ஒருவர் விரல் கோத்துப் பிடித்தபடி கூட்டிப்போனார். "அப்பிச்சி, போலீஸ்காரர் ஏன் அவர் கையை விடவே மாட்டேன் என்கிறார்?" என்று பேத்தி கேட்டாள். என்னத்தைச் சொல்வது? ஒவ்வொரு வழக்குக்கும் நீதிமன்றச் சேவகரான டவாலி வாசலில் வந்து நின்று, ஒரு தகப்பன் பெயரையும் ஒரு தாய் பெயரையும் வராந்தா அதிரக் கூவினார். எங்கள் முறை வந்தபோது அவளுடைய அம்மா பெயரும் அப்பா பெயரும் அப்படித்தான் ஒலித்தன.

மருமகனைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. அவரும் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். தன் மகளுக்கு, அதாவது என் பேத்திக்குப் பிடிக்கும் என்று தேங்காய் பன் வாங்கி வந்திருந்தார். எதிர்த்தரப்பு கொடுப்பதைக் குழந்தை வாங்க வேண்டாம், பின்னால் அதையே அவர்கள் பிரமாணப் பத்திரத்தில் எழுதுவார்கள் என்று எங்கள் வழக்கறிஞர் காதோரமாகச் சொன்னார். எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு அந்த மனிதர் பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தார். இந்தக் கோடியில் மதியச் சாப்பாடு சாப்பிடாத என் பேத்தி.

உள்ளே போனோம். இரண்டு தரப்பு வழக்கறிஞர்கள், அவர்களுடைய ஜூனியர்கள், அடுத்த வழக்குக்குக் காத்திருந்தவர்கள் என்று அரங்கு நிறைந்திருந்தது. நீதிபதி அம்மையார் கனிவாகத்தான் கேட்டார், பொய் சொல்லக் கூடாது. "பாப்பா, உனக்கு யாருடன் இருக்க விருப்பம்?" இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அப்பா. அன்றைக்கு என் மகள் விடுப்புப் போட்டு வந்திருந்தாள். பேத்தி தரையைப் பார்த்தாள். மறுபடி கேட்டார்கள். சட்டைப் பொத்தானைத் திருகினாளே தவிர வாயைத் திறக்கவில்லை. சிறுமி பதிலளிக்கவில்லை என்று குறித்துக்கொண்டு வாய்தா போட்டார்கள்.

அடுத்து மருமகன் தரப்பிலிருந்து வந்த எதிருரையில் ஒரு பத்தி: சிறுமி பேசாமல் நின்றதே, தாய்வழிப் பாட்டன் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்ததற்குச் சான்று. பேசியிருந்தால் சொல்லிக்கொடுத்துப் பேசினாள் என்பார்கள். பேசாததற்கும் நானே பொறுப்பு. எனக்கு இவ்வளவு திறமை இருப்பது சங்கத்தில் யாருக்கும் தெரியாமல் போனது.

மாண்புமிகு நீதிபதிகளே, சட்டம் எனக்குப் பாடமாக இருந்ததில்லை. ஆனால் துணைவிதிகளையும் சுற்றறிக்கைகளையும் படித்தே பிழைத்தவன் என்பதால் இதையும் எடுத்துப் படித்தேன். படித்த பிறகுதான் கோபம் கூடியது. ஏனென்றால் நான் கேட்பதெல்லாம் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

ஜி.டபிள்யூ.ஓ.பி. என்று எங்கள் கட்டின் மேல் எழுதியிருக்கிறதே, குழந்தையின் காப்பாளர் யார் என்பதற்கான அந்த 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, விவரம் தெரிந்த வயதுக் குழந்தையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கருதலாம் என்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலேயே குழந்தையைக் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டத்தின் நடுவே நிறுத்திக் கேட்கச் சொல்லவில்லை. 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் குழந்தையின் நலனே முதன்மை என்கிறது. குழந்தைகள் பெற்றோரின் உடைமையோ விளையாட்டுப் பொருளோ அல்லர் என்று 1973-இல், நம் சென்னையிலிருந்து போன ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி, தரப்பினரில் ஒருவர் விரும்பினாலே விசாரணையை மூடிய அறையில் நடத்தியாகவேண்டும். கேட்கலாம்தான். அடுத்த வாரமும் அதே அரங்கில் நிற்கவேண்டிய எந்த வழக்கறிஞர் வற்புறுத்திக் கேட்பார்?

எல்லாவற்றையும்விட 21-ஆம் பிரிவு. குடும்ப நீதிமன்றங்கள் விடுமுறை நாட்களிலும் அலுவல் நேரத்துக்கு வெளியிலும் அமர்வதற்கும், வழக்கமான இடத்தை விட்டு வேறு இடங்களில் அமர்வதற்கும் விதி வகுக்கும் அதிகாரத்தை அந்தப் பிரிவு உயர் நீதிமன்றத்தின் கையில் கொடுத்திருக்கிறது. புதிதாக நாடாளுமன்றம் கூடவேண்டியதில்லை. உங்களுடைய ஒரு கையெழுத்துப் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில், குற்றம் சாட்டப்பட்ட சிறுவர்களை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் கூடும் இடம் குழந்தையை மிரட்டுவதாக இருக்கக் கூடாது, வழக்கமான நீதிமன்றம் போலத் தோன்றவும் கூடாது என்று எழுதியிருக்கிறது. அங்கே நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் அமர்கிறார்கள்; அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும். விசாரணையை நான்கு மாதத்தில் முடிக்கவேண்டும், மிஞ்சினால் இன்னும் இரண்டு மாதம். நடைமுறையில் எல்லாம் அப்படியே நடக்கிறதா என்பது வேறு கதை. ஆனால் சட்டத்தின் மனம் அது. வண்டி திருடியதாகப் பிடிபட்ட பதினாறு வயதுப் பையனுக்குப் பயம் வரக் கூடாது என்று சட்டம் யோசித்திருக்கிறது. மிக நல்லது, அவனும் யாரோ பெற்ற பிள்ளைதான். எந்தத் தவறும் செய்யாத என் பேத்தியை ரிமாண்ட் கைதிகள் நடமாடும் வராந்தாவில் நாள் முழுக்க உட்கார வைத்திருக்கிறோமே, இதை எந்தச் சட்டத்தின் மனம் என்பது? அவள் ஏதாவது திருடியிருந்தால் இன்னும் கொஞ்சம் மரியாதையாக நடத்தப்பட்டிருப்பாள் என்று ஒரு பாட்டன் நினைக்கும்படி வைத்துவிட்டீர்கள்.

கடுமையாக எழுதிவிட்டேன். மன்னிக்கவும். ஆனால் எழுதியதை அடித்துத் திருத்தப்போவதில்லை.

நீதிமன்றத்தை மட்டும் குறை சொல்வது நியாயமும் ஆகாது. மண்டபத்துக்கு ஓராண்டுக்கு முன்பே முன்பணம் கொடுத்து, சடங்கு நடத்திவைக்கும் அருமைக்காரரை வைத்து இணைச்சீர் முதல் எல்லாக் கல்யாணச் சீரும் செய்து, இத்தனை பவுன், இன்ன கார் என்று ஊர் மெச்சக் கல்யாணம் செய்தவர்கள் நாங்கள்தான். பந்தியில் சாப்பிட்டுப் போன பங்காளிகளில் ஒருவரும் பிள்ளைகள் பிரிந்தபோது படியேறவில்லை. நேராக அனைத்து மகளிர் காவல் நிலையம், பிறகு வக்கீல் ஆபீஸ். அங்கே ஒரு சண்டை நான்கு வழக்காகக் குட்டி போடுகிறது: விவாகரத்து ஒன்று, ஜீவனாம்சம் ஒன்று, குடும்ப வன்முறை ஒன்று, குழந்தைக்கு ஒன்று. பிள்ளைகளின் பராமரிப்பு, படிப்புச் செலவுக்கான இடைக்கால மனுவை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து கூடுமானவரை 60 நாளில் முடிக்கவேண்டும் என்று இந்துத் திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் மனு போட்ட பிறகு பேத்தி ஒரு வகுப்பு ஏறிவிட்டாள். அந்தக் காலத்தில் ஊர்ப் பெரியவர்களே உட்கார்ந்து பேசித் தீர்த்துவிடுவார்கள் என்று இப்போது சிலர் பெருமை பேசுகிறார்கள். நானும் அப்படிப்பட்ட திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறேன். நகை பேசுவோம், பூமி பேசுவோம், யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று பொழுது விடியப் பேசுவோம். குழந்தையைக் கூப்பிட்டுக் கேட்டதாக ஒரு சம்பவம்கூட எனக்கு நினைவில்லை. அந்த வகையில் நீதிமன்றம் மேல். கேட்கவேண்டும் என்றாவது அதற்குத் தெரிந்திருக்கிறது. கேட்கும் முறையைத்தான் திருத்தச் சொல்கிறேன்.

தூரத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வால்பாறைக் குழந்தை 40 கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஆழியாறும் பொள்ளாச்சியும் தாண்டிக் கோவை வரவேண்டும். தாளவாடிக் குழந்தை திம்பத்தின் 27 வளைவு இறங்கி, சத்தியமங்கலம் வழியாக ஈரோடு. கொல்லிமலைக் குழந்தைக்கு 70 வளைவு, பிறகு நாமக்கல். வாந்தி எடுத்துக்கொண்டு வந்து சேர்கிற பிள்ளைக்கு அன்று வாய்தா என்றால் எப்படி இருக்கும்? பொள்ளாச்சியிலோ சத்தியமங்கலத்திலோ மாதத்தில் ஒரு நாள் நீதிபதி போய் அமர்ந்து கேட்டால், ஒரு காரும் ஒரு பெஞ்ச் கிளார்க்கும்தான் செலவு.

ஆள் இல்லை, நேரம் இல்லை, கட்டுகள் மலைபோலக் கிடக்கின்றன என்பீர்கள். மறுக்கவில்லை. ஆனால் தேசிய லோக் அதாலத் சனிக்கிழமைகளில் நடக்கிறது. விபத்து இழப்பீட்டுக்கும் வங்கிக் கடனுக்கும் அன்றைக்கு நீதிமன்றக் கதவு திறக்கிறது, நீதிபதிகள் வருகிறார்கள், காப்பீட்டு நிறுவனத்து அதிகாரிகள் வருகிறார்கள், மறுநாள் பத்திரிகையில் இத்தனை கோடி என்று செய்தி வருகிறது. அதே கதவை மாதம் ஒரு சனிக்கிழமை குழந்தைகளுக்காகத் திறந்தால் போதும்.

எனவே பணிவோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். குழந்தை நேரில் வரவேண்டிய விசாரணை பள்ளி இல்லாத நாளில் இருக்கட்டும். வேலை நாளைத் தவிர்க்கவே முடியாவிட்டால், தேர்வு அட்டவணையைக் காட்டினால் தேதியை மாற்றிக் கொடுக்கட்டும். பதினொன்றரை என்றால் பதினொன்றரைக்குக் கேட்கட்டும். நீதிபதி, ஒரு ஆலோசகர், குழந்தை மட்டும் இருக்கிற அறையாக இருக்கட்டும். நாங்கள் எல்லாரும் வெளியே நிற்கிறோம். அமர்வு இல்லை என்றால் முந்தைய நாளே சொல்லட்டும். அப்பாவைப் பார்க்கும் நேரத்தையும் இந்த வராந்தாவில் வைக்காமல், அவர் வாங்கி வருவதைக் குழந்தை கைநீட்டி வாங்கித் தின்னக்கூடிய ஓர் இடத்தில் வைக்கட்டும்.

எனக்குத் தனியாகப் பதில் எழுதவேண்டியதில்லை. எல்லாக் குடும்ப நீதிமன்றங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பி, அதை வழக்குப் பட்டியலுக்குப் பக்கத்தில் தமிழில் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த வாய்தாவுக்கு வரும்போது நானே படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நொய்யல் கரையிலிருந்து ஓர் அப்பிச்சி