அஸ்வான் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் பயணத் திட்டத்தைப் பார்த்தேன். எகிப்தின் அஸ்வானில் இறங்கி, விடிகாலையில் அபு சிம்பல், சாயங்காலம் ஃபிலே கோயில், மறுநாளே லக்சர். கோயில்களைப் பார், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மண்ணின் மனிதர்களான நூபியர்களுக்கும் ஒரு பொழுது ஒதுக்கு.

நைலின் குறுக்கே அஸ்வான் உயர் அணை கட்டியபோது, நீரில் மூழ்காமலிருக்க அபு சிம்பல் கோயிலை அறுத்து மேலே ஏற்றி வைத்த கதை உனக்குத் தெரியும். தெற்கு எகிப்திலும் வடக்கு சூடானிலும் நைல் கரையோரம் இருக்கும் நூபியாவின் கோயில்களைக் காப்பாற்ற யுனெஸ்கோ கூப்பிட்டதும் ஏறத்தாழ 50 நாடுகள் உதவிக்கு வந்தன. அதே அணைக்காக, 1963-64இல் எகிப்து நூபியர்கள் சுமார் 50,000 பேரைக் அஸ்வானுக்கு வடக்கே கோம் ஓம்போ பக்கம் குடியமர்த்தினார்கள். சூடானின் வாடி ஹல்ஃபா மக்களை நைலை விட்டே கிளப்பி, தொலைவில் அட்பரா ஆற்றுப் பக்கம் அனுப்பினார்கள்.

அவர்கள் விட்டுவந்த வீடுகளைப் படத்தில் பார்த்தால் மனசு கனத்துப்போகும். விசாலமான முற்றம், மண் சுவரெங்கும் சித்திரம், வாசலுக்கு மேலே பதித்த பீங்கான் தட்டுகள். கல்யாணம், பிள்ளைப்பேறு என்று எந்தச் சடங்கானாலும் ஆற்றங்கரைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். புது ஊரில் கிடைத்ததோ வரிசையாகக் கட்டிய அரசாங்க வீடுகள். ஆறு கண்ணுக்கெட்டாத தூரத்தில். பல்லானா, குஸ்துல், தோஷ்கா என்ற ஊர்ப் பெயர்களையாவது கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். தோஷ்காவில் பிறந்த இசைக்கலைஞர் ஹம்ஸா எல்தீன், அணை நீர் ஊர்களை மூழ்கடிக்குமுன் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுகளைச் சேகரித்தார்.

அஸ்வானில் 1997இல் திறந்த பெரிய நூபிய அருங்காட்சியகம் இருக்கிறது. நல்ல இடம், கட்டாயம் போ. அப்புறம் படகேறி எலிஃபன்டைன் தீவுக்கும் போ. அங்கே சியூ கிராமத்தில் ஒரு நூபியக் குடும்பம் தன் வீட்டையே அருங்காட்சியகமாக்கி அனிமாலியா என்று பெயர் வைத்தது. விசாரித்துக்கொண்டு போ. எனக்கு இப்படிப்பட்ட சின்ன இடங்கள்தான் முக்கியம். ஒரு பழைய படத்தைக் காட்டி, 'இது இன்னார் வீடு' என்று சொல்ல ஊர்க்காரர்களால்தான் முடியும். மூழ்கிய ஊரில் பத்து வயதில் ஓடியாடியவர்களுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. நூபியர்களின் நோபீன், கென்ஸி மொழிகள் வீட்டோடு சரி, பள்ளிக்கூடத்தில் அரபிதான். ஆகவே இப்போதே பதிவு செய்தால்தான் உண்டு.

கட்டணம் கேட்டால் பேரம் பேசாதே. யாராவது பெரியவர் பேச ஆரம்பித்தால் உட்கார்ந்து கேள். சம்மதித்தால் பதிவு செய்து, ஒரு பிரதியை அவர்களிடமே கொடுத்துவிட்டு வா.

அன்புடன்,
அண்ணன்