சொத்து விவரத்தைக் கடனாளியே சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாடு முழுவதும் தீர்ப்பைச் செயல்படுத்தித் தரக் கேட்கும் நிறைவேற்று மனுக்கள் (இ.பி.) 8 லட்சத்து 82 ஆயிரத்துக்கும் அதிகமாகத் தேங்கிக் கிடப்பதை உச்ச நீதிமன்றமே 2025 அக்டோபரில் வேதனையுடன் குறிப்பிட்டது. இதற்கு நீதிபதிகள் பற்றாக்குறையையும் வாய்தாவையும் காரணம் சொல்வது வழக்கம். மன்னார்குடியில் வழக்குரைஞர் குமாஸ்தாவாக நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், பண டிக்ரிகளை, அதாவது பணத்தைக் கட்டச் சொல்லும் தீர்ப்பாணைகளைப் பொறுத்தவரை வேறொரு காரணத்தைச் சுட்ட விரும்புகிறேன். கடனாளியிடம் என்ன சொத்து இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கும் வேலை முழுவதும் டிக்ரி வாங்கியவர் தலையிலேயே விழுகிறது.

பெரிய வங்கிகளுக்குத் தனிச் சட்டமும் கடன் மீட்புத் தீர்ப்பாயமும் உண்டு. முன்சீப் கோர்ட்டில் இ.பி. போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களோ உரக்கடைக்காரர், வியாபாரியிடம் நெல்லைக் கடனுக்குப் போட்ட விவசாயி, புரோநோட்டின் பேரில் பணம் கொடுத்த ஓய்வூதியர் போன்றவர்கள். நிலத்தை ஜப்தி செய்யக் கேட்டால் சர்வே எண்ணும் நான்கெல்லையும் அவர்கள்தான் தர வேண்டும். வங்கிக் கணக்கை முடக்கக் கேட்டால் எந்த வங்கி, எந்தக் கிளை என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். டெல்டாவில் இது எளிதான காரியமல்ல. கடனாளி சாகுபடி செய்யும் நிலம் பல ஊர்களில் கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமான குத்தகை நிலமாக இருக்கும். சொந்த நிலம் இருந்தாலும், வழக்கு நடக்கும்போதே அது மனைவி பெயருக்கோ மகன் பெயருக்கோ செட்டில்மென்ட் ஆகியிருக்கும். அதை முறியடிக்கச் சட்டத்தில் வழி உண்டு என்றாலும், நடைமுறையில் அது இன்னொரு வழக்கு நடத்துவதற்குச் சமம். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் கணக்கில் வரவாவதும் வெளியே போவதும் கடன் கொடுத்தவருக்குத் தெரிய வழியே இல்லை.

உழவு மாடு, விதைநெல், உழவுக் கருவிகள், விவசாயி தானே குடியிருக்கும் வீடு, கூலி ஆகியவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு சொல்வது மிகச் சரி. அதில் யாரும் கைவைக்க வேண்டாம். வசதி இருந்தும் மறைப்பவரைப் பற்றியதே என் பேச்சு.

சொத்து அகப்படாதபோது டிக்ரி வாங்கியவர்கள் முதலில் கேட்பது கைது வாரண்டைத்தான். பணம் இல்லாத ஏழையை, கடனைக் கட்டவில்லை என்பதற்காக மட்டும் சிறையில் அடைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1980இலேயே தெளிவுபடுத்திவிட்டது. பண டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. சிறைக்கு அனுப்பினாலும் அதிகபட்சம் மூன்று மாதம்தான். சிறையில் இருக்கும்வரை கடனாளியின் சாப்பாட்டுப் படியை டிக்ரிதாரரே கட்ட வேண்டும் என்பது பலருக்கு நீதிமன்ற ஊழியரான அமீனா வந்து சொல்லும்போதுதான் தெரியும்!

இத்தனைக்கும் மருந்து சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. டிக்ரி தொகை 30 நாள் கட்டப்படாமல் இருந்தால், கடனாளி தன் சொத்து விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று, டிக்ரிதாரரின் மனுவின் பேரில் நீதிமன்றம் உத்தரவிடலாம் என்கிறது அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆவது கட்டளையின் 41ஆவது விதி. கீழ்ப்படியாதவரை மூன்று மாதம் வரை உரிமையியல் சிறையில் வைக்கலாம். ஏழை என்பதற்காக அல்லாமல் உத்தரவை மீறியதற்காக வரும் தண்டனை என்பதால், இதில் அநியாயமும் இல்லை. ஆனால் நான் பார்த்த வழக்குக் கட்டுகளில் இந்த மனு அபூர்வமாகத்தான் இருந்தது. இருந்ததும் ஜப்தி, வாரண்டு எல்லாம் வீணான பிறகு கடைசியில் போடப்பட்டதாகவே இருந்தது. பண வழக்குகளில் எழுவினாக்கள் (நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்விகள்) வனையப்படும் முன்பே பிரதிவாதியிடம் சொத்து விவரத்தைக் கேட்கலாம் என்றும், நிறைவேற்று மனுவை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2021இல் ராகுல் ஷா வழக்கில் சொல்லியிருக்கிறது. சொத்து எதுவென்று தெரியாமல் ஆறு மாதத்தில் எதை ஏலம் போடுவது?

ஆகவே, பண டிக்ரிக்கான இ.பி.யைத் தாக்கல் செய்யும்போதே 41ஆவது விதியின்படியான மனுவையும் சேர்த்துப் பெற்று, முதல் வாய்தாவிலேயே அதை விசாரிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் கீழமை நீதிமன்றங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். உறுதிமொழிப் பத்திரத்துக்கான படிவம் சட்டத்தின் பிற்சேர்க்கையில் 16-அ என்ற எண்ணில் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தமிழில் அச்சிட்டு, கடனாளிக்குச் செல்லும் அறிவிப்புடனேயே இணைத்து அனுப்பலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வழக்குரைஞர் குமாஸ்தா,
மன்னார்குடி.