பூட்டியிருக்கும் பெரிய வீடுகளின் சொந்தக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டு வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் அண்ணன்மார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். வீட்டைக் கேட்கவில்லை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வீட்டின் பகுதிகள் எல்லாம் உங்கள் பூட்டிலேயே இருக்கட்டும். பின்பக்கத் தோட்டத்தையும் அதிலுள்ள கிணற்றையும் மட்டும், தோட்டம், கோழி, தேனீ என்று புதிதாக இறங்கியிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்குக் குத்தகைக்கு விடுங்கள். அப்புறம், வீட்டுக்குள் தேன்கூடு கட்டியிருந்தால், மருந்தடிக்க ஆள் அனுப்பும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

நான் பள்ளத்தூர்ப் பக்கம் இருக்கிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் உண்டு. அதில் கீரைப் பாத்தி, ஒரு பந்தல், சில கோழிகள், இரண்டு தேன்பெட்டி. இந்தப் பக்கத்து மண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே ஒரு சாண் செம்மண், கீழே செம்பூரான் பாறை. முருங்கைக்கு ஒன்றரை அடிக் குழி எடுப்பதற்குள் கை காய்த்துவிடும். உங்கள் தோட்டத்து மண் அப்படியில்லை. இரண்டு மூன்று தலைமுறையாகச் சாணமும் சாம்பலும் இலை தழையும் விழுந்து பழகிய மண் அது. அப்படி ஒரு மண்ணை இனிமேல் உண்டாக்க எங்கள் ஆயுசு போதாது. இன்றைக்கு அதில் சீமைக்கருவேலம் நிற்கிறது.

தண்ணீரும் அப்படித்தான். சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டு மழை சராசரியாக 900 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். 1,000 சதுர மீட்டர் ஓடு வேய்ந்த வீடென்றால் வருடத்துக்கு 9 லட்சம் லிட்டர் வரை அதன் மேல் விழுகிறது. பாதி வீணானால்கூட மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். நாலு பக்கத்து ஓடும் முற்றத்தைப் பார்த்துச் சரிய, விழும் தண்ணீரை அண்டாவில் பிடித்து, மிஞ்சியது வடிகால் வழியாக ஊருணிக்குப் போகும்படி உங்கள் பாட்டனார்கள் கட்டிவைத்தார்கள். இப்போது பல வீடுகளில் வடிகால் அடைத்துக்கொண்டு, முற்றத்திலேயே தண்ணீர் தேங்கித் தூணின் அடிக்கட்டை ஊறுகிறது. தோட்டத்தில் ஆள் இருந்தால் வடிகாலைத் துப்புரவாக வைத்து அந்தத் தண்ணீரைக் கிணற்றுக்குத் திருப்பிவிடுவோம். வீட்டுக்கும் நல்லது.

இனி தேனீ. சென்ற கோடையில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுச் சுவர் அலமாரியில் இருந்த கூட்டை மருந்தடித்துக் கொன்றுவிட்டார்கள். பூட்டிய அலமாரிக்குள் செத்த தேனீயும் தேனடையும் அப்படியே கிடந்து, தேன் கசிந்து, முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசிய அந்தப் பளபளப்பான சுவரில் கறையாக வழிந்தது. பின்னாலேயே எறும்பும் மெழுகுப் பூச்சியும் வந்தன. அங்கே இருந்தது அடுக்குத் தேனீ, பெட்டியில் வளர்க்கும் அதே ஜாதி. 1990களின் தொடக்கத்தில் ஒரு வைரஸ் நோய் வந்து, தென்னிந்தியாவில் பெட்டிகளில் இருந்த அடுக்குத் தேனீக் குடும்பங்களில் பெரும்பகுதியை அழித்துவிட்டது. யாரும் கவனிக்காமல் ஒரு சுவர்ப் பொந்தில் வருடக்கணக்காகத் தாக்குப்பிடித்து நிற்கிற குடும்பம் எங்களுக்கு விதைநெல்.

அதை உயிரோடு எடுக்க முடியும். இன்னொரு வீட்டில், மார்த்தாண்டத்தில் தொழில் பழகிய ஒரு பெரியவரோடு நானும் கூட நின்று எடுத்தேன். பொழுது சாயும் நேரம். தேங்காய் நாரைக் கொளுத்தி மெல்லப் புகை காட்டினார். அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து, புழுவும் முட்டையும் இருக்கிற அடையைப் பெட்டிச் சட்டத்தில் பொருத்தி வாழைநாரால் கட்டினோம். ராணி உள்ளே போய்விட்டது என்று எப்படித் தெரிந்தது தெரியுமா? வாசலில் வேலைக்காரத் தேனீக்கள் வரிசையாக நின்று வாலைத் தூக்கிக்கொண்டு சிறகை அடித்தன. வெளியே சுற்றிக்கொண்டிருந்தவற்றை வாசனை காட்டி அழைக்கிறது அது. சிறிது நேரத்தில் அலமாரியில் இருந்தவை தாமாகவே நடந்து பெட்டிக்குள் வந்தன. நான் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தால் எறும்பு ஏறாது. அலமாரியைச் சுரண்டித் துடைத்து, தேனீ நுழைந்த இடுக்கைச் சுண்ணாம்பு வைத்து அடைத்துக் கொடுத்தோம்.

முகப்பில் உயரத்தில் தொங்கும் மலைத்தேனீயைப் பெட்டியில் அடைக்க முடியாது. அதைச் சீண்டாமல் விட்டால் பருவம் முடிந்து தானே போய்விடும். நிலைக்கதவு ஓட்டையில் பிசினால் குழாய் கட்டியிருப்பது கொசுத்தேனீ. அது கொட்டாது.

இவ்வளவு தேனீ எதற்கு என்றால், வேம்பும் புங்கையும் புளியும் முருங்கையும் பூக்கிற ஊர் இது. பரங்கிப்பூ விடியற்காலையில் விரிந்து வெயில் ஏறுவதற்குள் மூடிக்கொள்ளும். அதற்குள் தேனீ வந்து போகவில்லை என்றால் பிஞ்சு வெம்பி உதிர்ந்துவிடும். பெட்டி வைத்த பிறகு எங்கள் பந்தலில் உதிர்வது நன்றாகக் குறைந்திருக்கிறது.

கோழி என்றால் நாற்றம் வரும் என்று சிலர் தயங்குகிறீர்கள். மேய விட்ட நாட்டுக்கோழியில் அந்தத் தொந்தரவு இல்லை. அதற்கு வேண்டியது இடம். குப்பையைக் கிளறிக் கரையானைத் தின்றுவிடும். தேக்கு உத்தரம் இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு அதன் அருமை தெரியும். நாங்களே பழைய பானையில் சாணமும் வைக்கோலும் கிழிந்த சாக்கும் போட்டுத் தண்ணீர் தெளித்துச் சாயங்காலம் கவிழ்த்து வைக்கிறோம். காலையில் திறந்தால் குஞ்சுகளுக்குப் போதுமான கரையான் ஏறியிருக்கும். கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குக் குஞ்சின் ஏழாம் நாளில் சொட்டு மருந்து, எட்டு வாரத்தில் ஊசி. அதெல்லாம் எங்கள் பொறுப்பு. குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. செட்டிநாட்டிலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் அரசுக் கால்நடைப் பண்ணையும் இருக்கின்றன. சந்தேகம் கேட்க ஆள் உண்டு. இடம்தான் இல்லை.

உங்கள் பயமும் எனக்குப் புரிகிறது. ஒரு வீட்டில் எத்தனையோ புள்ளிகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு, பங்கு. ஒருவர் சரி என்றால் இன்னொருவர் வேண்டாம் என்பார். உள்ளே விட்டால் வெளியே போவார்களா என்ற கேள்வியும் நியாயமானதுதான். அதனால்தான் வீட்டைத் தொடாமல் தோட்டத்து வாசல் சாவி மட்டும் கேட்கிறோம். பதினோரு மாத ஒப்பந்தம் எழுதுவோம். நிரந்தரக் கட்டடம் எதுவும் போட மாட்டோம், கோழிக்கூடுகூடத் தூக்கி வைக்கிற மாதிரிதான் இருக்கும். இருக்கிற மரத்தை வெட்ட மாட்டோம், மாங்காயும் புளியும் உங்களுக்கே. குத்தகைப் பணத்தோடு தேனிலும் முட்டையிலும் பங்கு தருவோம். கல்யாணம், காரியம் என்று நீங்கள் வரும்போது தோட்டம் கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருக்கும்.

முன்னோரைக் கும்பிடும் படைப்புக்குப் பங்காளிகள் எல்லோரும் கூடுவீர்கள். அன்றைக்கு இதையும் பேசுங்கள். ஒத்துக்கொண்டால் வீடு பார்க்கிறவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், அவர் மூலம் நாங்கள் வந்து பார்க்கிறோம். ஆவணிக்குள் சொன்னால் ஐப்பசி மழைக்கு முன்னால் கருவேலத்தை வேரோடு எடுத்து, வடிகாலையும் சரிபார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
பள்ளத்தூர்ப் பக்கத்துத் தோட்டக்காரி ஒருத்தி