செயலாளர் அறிக்கை: மாற்றியதை மாற்றியது என்றே எழுதுவோம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பழைய கைக்கடிகாரம் சேகரிக்கும் நம் சங்கத்தின் கடந்த ஆண்டு நடவடிக்கைகளைப் பேரவை முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல அஸ்தம்பட்டியில் நடந்தன. மழைக்காலத்தில் ஒரு கூட்டத்தைத் தள்ளிவைத்தோம். புதிய உறுப்பினர்கள் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் பலர் தாத்தாவின் வாட்ச்சைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்து, "ஏனுங்க, இது என்ன விலை போகுங்க?" என்று கேட்டபடி படியேறியவர்கள். விலை சொல்வது நம் வேலை இல்லை. ஆனாலும் வந்தவரை உட்காரவைத்து, பின்மூடியைத் திறந்து, மெஷினைக் காட்டியதும் பாதிப்பேர் விலையை மறந்துவிட்டார்கள். சந்தா இந்த ஆண்டும் உயர்த்தப்படவில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகப் படிப்பார்.

இனி எல்லோரும் எதிர்பார்க்கும் விஷயத்துக்கு வருகிறேன். சித்திரை மாதப் பரிமாற்றக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் இன்னொருவருக்கு எச்எம்டி பைலட் ஒன்றைக் கொடுத்தார். கறுப்பு டயல், சாவி கொடுக்கும் மெஷின், தேயாமலிருக்க அதற்குள் பதித்த 17 கல். "டயல் ஒரிஜினல்" என்று சொல்லித்தான் கொடுத்தார். வாங்கியவர் வீட்டுக்குப் போய் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் அதை மேசைமேல் வைத்தார். குரல்கள் உயர்ந்தன. வெளியில் டீ வாங்கப் போனவர்கள்கூட திரும்பி ஓடிவந்தார்கள்.

அந்த டயலை நானும் பார்த்தேன். வெறும் கண்ணுக்குக் குறை எதுவும் தெரியாது. பத்து மடங்கு லென்ஸில் கதையே வேறு. நிமிடக் கோடுகள் வட்டத்தில் ஒரே சீராக இல்லை. 12-க்கு நேரே நிற்க வேண்டிய கோடு ஒரு மயிரிழை வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. எழுத்துகளின் ஓரத்தில் மை கசிந்திருந்தது. தொழிற்சாலையில் அச்சிட்ட எழுத்து ஓரம் வெட்டியதுபோல் நிற்கும். டயலின் விளிம்பில் பெயிண்ட் திரண்டு ஒரு வரம்பு கட்டியிருந்தது. எல்லாவற்றையும்விட முள்தான் காட்டிக்கொடுத்தது. முள்ளில் இருந்த ஒளிப்பூச்சு பழுத்து மஞ்சளாகியிருக்க, டயலில் இருந்தது சுண்ணாம்பு வெள்ளை. ஒரே வாட்ச்சில் முள்ளுக்கு மட்டும் எப்படி வயதாகும்?

விற்றவர் ஏமாற்றவில்லை என்பதைப் பேரவையில் பதிவுசெய்ய விரும்புகிறேன். அவரிடம் வந்தபோதே அந்த வாட்ச் அப்படித்தான் இருந்தது. பணம் திருப்பித் தரப்பட்டது, இருவரும் இப்போது பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்த மாலையில் எழுந்த கேள்விதான் ஆண்டு முழுக்க நம்மைப் பிடித்துக்கொண்டது. எதை மாற்றலாம், எதை மாற்றினால் அது வேறு வாட்ச்?

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ஓடும் வாட்ச்சில் பாகம் தேயும், தேய்ந்ததை மாற்றத்தான் வேண்டும். மெஷினை ஓட்டும் பழைய நீல எஃகு மெயின்ஸ்பிரிங் அறுந்தால் புதிய உலோகக் கலவையில் வந்ததைப் போடுகிறோம், யாரும் அழுவதில்லை. கீறல் விழுந்த பிளாஸ்டிக் கண்ணாடி, இறுகிப்போன ரப்பர் வளையம், வழுக்கும் சாவி எல்லாம் வாழ்நாளில் பலமுறை மாறத்தான் செய்யும். மாற்றவே கூடாது என்று அடம்பிடிப்பவர் வாட்ச்சை அலமாரியில் பூட்டி வைக்கலாம், கையில் கட்ட முடியாது. டயல், முள், கேஸ், மெஷின் இந்த நான்கும் சங்கதி வேறு. ஒரு வாட்ச் எந்த ஊரில் எந்தக் காலத்தில் பிறந்தது என்று சொல்வது இவைதான். இவற்றில் ஒன்று மாறினாலும் அடுத்தவர் கைக்குப் போகும்முன் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டால் போதும், குற்றமில்லை. அப்பாவின் வாட்ச்சைப் புது டயலோடு கட்டிக்கொள்ள ஒரு மகனுக்கு முழு உரிமை உண்டு. அதைப் பழைய டயல் என்று விற்கும்போதுதான் வம்பு.

இதற்காகச் செயற்குழு கொண்டுவந்ததுதான் மாற்றுச் சீட்டு. பரிமாற்றக் கூட்டத்துக்கு வரும் ஒவ்வொரு வாட்ச்சோடும் ஒரு சீட்டு வர வேண்டும். டயல், முள், கேஸ், சாவி, மெஷின் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே பழையது, மாற்றியது, தெரியாது என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். "தெரியாது" என்ற கட்டம் எதற்கு, அது தப்பிக்கும் வழி ஆகாதா என்று சிலர் கேட்டார்கள். எனக்கு அதுதான் மூன்றிலும் நேர்மையான கட்டமாகப் படுகிறது. நம்மில் பலர் சொல்லும் "ஒரிஜினல்" எல்லாம் "தெரியாது" என்பதன் மரியாதையான வடிவம்தானே!

சீட்டுக்கு எதிர்ப்பு வந்தது உறுப்பினர்களிடமிருந்து அல்ல, நமக்கு வேலை செய்து தரும் மெக்கானிக்குகளிடமிருந்து. முதல் அக்ரகாரம் பக்கம் கடை வைத்திருக்கும் மூத்தவர் ஒருவர், "தம்பி, நான் நாப்பது வருஷமா கழட்டி மாட்டறேன், எதுல எதைப் போட்டேன்னு இப்ப கேட்டா எப்படி?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் வாட்ச் மணி காட்ட வேண்டும், அவ்வளவுதான். டயல் கறுத்தால் மும்பைக்கு அனுப்பிப் புதுப்பித்துத் தருவது வாடிக்கையாளர் கேட்டு வாங்கிய சேவை, மோசடி இல்லை. இன்று உலகெங்கும் சேகரிப்பாளர்கள் "மும்பை ஸ்பெஷல்" என்று முகம் சுளிக்கும் பல வாட்ச்சுகளின் பின்கதை இதுதான். அவரை நாம் திருத்த வேண்டியதில்லை. இனிமேல் கழற்றும் பாகத்தை ஒரு கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று கேட்டுக்கொண்டோம். சரி என்றார். கவர் நம் செலவு.

எச்எம்டி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் உறுப்பினர்களிடம் அதிகம் இருப்பது அதுதான். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டோடு பெங்களூரில் தொடங்கிய வாட்ச் தயாரிப்பு, 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை எடுத்த முடிவோடு மூடுவிழா கண்டது. அதன்பின் உதிரிப்பாகம் என்றால் பழைய கடைகளின் இருப்பு, இல்லையென்றால் இன்னொரு வாட்ச்சின் வயிறு. பைலட்டுக்கும் எச்எம்டியின் இன்னொரு மாடலான ஜனதாவுக்கும் மெஷின் ஒரே குடும்பம் என்பதால், ஒரு பைலட்டைக் காப்பாற்ற நன்றாக ஓடும் ஜனதாவை அறுக்கும் பழக்கம் நம்மிடையே வந்துவிட்டது. பைலட்டுக்கு விலை அதிகம், ஜனதாவைக் கேட்பாரில்லை. இது தொடர்ந்தால் கொஞ்ச காலத்தில் ஜனதாதான் கிடைக்காது. ஓடுகிற வாட்ச்சை உதிரிக்காக உடைப்பதில்லை என்று ஆடி மாதக் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். நிறைவேறியது. எதிர்த்தவர்கள் பெயரை எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும்.

ஜப்பானின் சீக்கோ வாட்ச்சுகளை அடையாளம் காணும் வகுப்பு இந்த ஆண்டு நல்லபடியாக நடந்தது. பின்மூடியில் உள்ள தொடர் எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு O, N, D எழுத்துகள். முதல் இலக்கம் 7 என்றால் 1977-ஆ 1987-ஆ என்பது எண்ணிலிருந்து மட்டும் தெரியாது, அந்த மெஷின் எந்தக் காலத்தில் வந்தது என்பதையும் சேர்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். 7எஸ்26 மெஷின் 1996-ல்தான் வந்தது என்று தெரிந்தவரிடம் அதை எழுபதுகளின் வாட்ச் என்று விற்க முடியாது. அப்புறம், டயலின் அடியில் 6 மணிக்குக் கீழே எறும்பு போன்ற எழுத்தில் ஒரு எண் இருக்கும், அது மெஷின் எண்ணில் தொடங்கும். பின்மூடியில் மெஷின் எண் 7009 என்றிருக்க, டயலில் 6119 என்று தொடங்கினால் இரண்டு வாட்ச்சுகளுக்குக் கல்யாணம் நடந்திருக்கிறது என்று பொருள். வகுப்பு முடிந்ததும் எல்லோரும் தங்கள் வாட்ச்சைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார்கள். சில முகங்கள் வாடியதை நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

ஏற்காடு பயணம். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் வழக்கம்போலச் சிலருக்கு வயிறு புரட்டியது, அதை விடுங்கள். காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பம் நம்மை அழைத்திருந்தது. அவர்களிடம் இருந்தது வெஸ்ட் எண்ட் கம்பெனியின் சோவார் வாட்ச். 1886-ல் பம்பாயில் தொடங்கிய கம்பெனி. சுவிஸில் செய்வித்து இந்தியச் சந்தைக்கு விற்றார்கள். சோவார் என்றால் குதிரைவீரன். வெள்ளிக் கேஸ், ஸ்ட்ராப் கோர்க்கக் கம்பிக் காது. கேஸின் உள்ளே வெள்ளியின் தரத்தைச் சொல்லும் 0.935 என்ற எண்ணும் மூன்று கரடி முத்திரையும் இருந்தன, அதாவது பிரிட்டிஷ் சந்தையை நினைத்து அடித்த சுவிஸ் வெள்ளி முத்திரை. மலை ஈரத்தில், மெஷினின் வேகத்தைச் சீராக வைக்கும் மெல்லிய ஹேர்ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தது, டயலில் பழுப்புப் புள்ளிகள். ஒரு காது உடைந்து தொங்கியது.

வீட்டுக்காரரின் மருமகள் டயலைப் புதுசாக அடித்துவிடலாம் என்றார். மாமியார், "அந்தப் புள்ளி எல்லாம் உங்க தாத்தா கூட இருந்தது, விடு" என்றுவிட்டார். சங்கத்தின் வாக்கும் மாமியார் பக்கமே. ஆனால் ஹேர்ஸ்பிரிங்கை மாற்றாமல் வழியில்லை. காதைச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்யும் ஒருவரிடம் கொடுத்தோம். மெஷினையும் டயலையும் கழற்றிவிட்டு வெறும் கேஸை மட்டும்தான் அவர் கையில் கொடுத்தோம். வெங்காரம் தடவி, வெள்ளிப் பற்று வைத்து, ஊதுகுழலில் நெருப்பைக் குவித்து நொடியில் ஒட்டிவிட்டார். ஒட்டிய இடம் பளிச்சென்று தெரிந்தது. பாலிஷ் போட்டு மறைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொன்னதற்கு அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! சீட்டில் "கம்பிக் காது: பழையது, சேலத்தில் பற்று வைத்தது" என்று எழுதியிருக்கிறோம். என்னைக் கேட்டால் இந்த ஆண்டின் சிறந்த சீட்டு அதுதான்.

பாதுகாப்பு பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று. அறுபதுகள் வரை இருட்டில் ஒளிர்ந்த பல வாட்ச்சுகளில் இருப்பது கதிர்வீச்சு வீசும் ரேடியம். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 1,600 ஆண்டு. இப்போது ஒளிராமல் இருப்பதற்குக் காரணம் கூடக் கலந்து ஒளி தந்த துத்தநாக சல்பைடு செயலிழந்ததுதான், ரேடியம் அப்படியே இருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்துப் புதுப் பூச்சு போடுகிறேன் என்று வீட்டு மேசையில் யாரும் உட்கார வேண்டாம், அந்தத் தூள் மூச்சில் போனால் வினை. பின்னாளில் ரேடியத்துக்குப் பதிலாக வந்தது டிரிட்டியம், டயலின் அடியில் 'T' எழுத்து போட்டிருக்கும்; அரை ஆயுள் 12 ஆண்டு சொச்சம். ஆகவே அறுபது, எழுபதுகளின் வாட்ச் ஒன்று விடியவிடிய ஒளிர்ந்தால் சந்தோஷப்படாதீர்கள், யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள். கதிர்வீச்சு அளக்கும் கருவி வாங்கும் யோசனை நிதி போதாமல் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்பட்டது.

மார்கழிக் கூட்டத்தில் தலைவர் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் விவகாரத்தை விளக்கினார். 1957-ஐச் சேர்ந்தது என்று 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் போன வாட்ச் அது. பல வாட்ச்சுகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது, அதில் தன் முன்னாள் ஊழியர்களுக்கும் பங்கு உண்டு என்று 2023-ல் அந்த நிறுவனமே சொன்னது. அதை ஏலத்தில் வாங்கியதும் அதே நிறுவனம்தான்! கேட்டதும் பின்வரிசையில் ஒருவர், "அப்ப நம்ம பைலட் பரவாயில்லைங்க" என்றார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அங்கே பாகங்களில் பெரும்பாலானவை நிஜம்தான், சேர்ந்த விதம்தான் பொய். பாகம் பாகமாக மட்டும் சோதித்துவிட்டு ஓய்ந்துவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒரே வயதில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நூலகத்தில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. கடன் வாங்கிய உதிரிப்பாகப் பட்டியல் ஒன்று இன்னும் திரும்பவில்லை. கருவிகளில் பின்மூடி திறக்கும் சாவி ஒன்றை மாற்றினோம், பழையதன் பல் தேய்ந்து இரண்டு உறுப்பினர்களின் கேஸில் கீறல் விழுந்திருந்தது.

கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும், மலையில் மதியச் சாப்பாடு போட்ட குடும்பத்துக்கும், முணுமுணுத்தபடியே கவரில் பாகங்களைப் போட்டுத் தரும் மெக்கானிக்குகளுக்கும் சங்கத்தின் நன்றி. அடுத்த பரிமாற்றக் கூட்டம் தைப் பொங்கலுக்குப் பிந்தைய ஞாயிறு. சீட்டு இல்லாத வாட்ச் மேசைக்கு வராது, அது தலைவருடையதாக இருந்தாலும் சரி. வெற்றுச் சீட்டுகள் வாசலில் பொருளாளரிடம் கிடைக்கும். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் அதையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளலாம். இந்த அறிக்கையைப் பேரவை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்